தேவகோட்டை – காரைக்குடி பஸ், கையில் எட்டு நிமிஷம்: தினமும் போட ஒரு மேக்கப் சொல்லுங்கள்

புதுடீச்சர்_தேவகோட்டை
ஜூலை 4, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். இந்த ஜூனில் காரைக்குடியில் ஒரு பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தேன். வீடு தேவகோட்டை. ஏழே காலுக்கு பஸ் ஏறினால்தான் அசெம்பிளிக்கு நேரத்துக்குப் போய் நிற்க முடியும். கல்லூரி முடிகிறவரை பவுடர், பொட்டு தவிர முகத்தில் எதுவும் போட்டதில்லை. முதல் சம்பளம் வந்ததும் ஆசையாக ஒரு கடைக்குப் போய் ஃபவுண்டேஷன், காம்பாக்ட், காஜல், லிப்ஸ்டிக் எல்லாம் வாங்கினேன். கடையில் நின்ற பெண் என் புறங்கையில் தடவிக் காட்டி, "இதைப் போடுங்க, நல்லா கலர் எடுத்துக் குடுக்கும்" என்றாள். நம்பி வாங்கிவிட்டேன். நான் மாநிறத்துக்கும் ஒரு படி கீழே.

திங்கட்கிழமை போட்டுக்கொண்டு போனேன். இரண்டாவது பீரியடில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று என் பக்கத்தில் வந்து, "மிஸ், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று மெதுவாகக் கேட்டது. ஸ்டாஃப் ரூம் கண்ணாடியில் பார்த்தால் முகம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. மூக்கு ஓரம் திட்டுத் திட்டாக விலகியிருக்கிறது, கண்மை கீழே இறங்கிவிட்டது, கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். போய்க் கழுவிவிட்டு வந்தேன். அன்று முழுக்க மனசே சரியில்லை.

என் முகம் பற்றி: பத்து மணிக்கே எண்ணெய் வழியும். கன்னத்தில் பழைய பரு வடு. கண்ணுக்குக் கீழே கருவளையம். அப்புறம் ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்லை, வலது கன்னம் இடது கன்னத்தைவிட நன்றாகவே கறுத்திருக்கிறது. காலையில் எனக்கென்று கிடைப்பது எட்டு நிமிஷம். அதற்குள் என்ன செய்யலாம்?

பள்ளத்தூர்_அக்கா
ஜூலை 4, இரவு 10.02

தங்கச்சி, அந்தப் பிள்ளை கேட்டதை நினைத்து வருத்தப்படாதே. தப்பு உன் முகத்தில் இல்லை, அந்தப் பாட்டிலின் நிறத்தில் இருக்கிறது.

நான் பதினான்கு வருஷமாகக் கல்யாண மேக்கப் செய்கிறேன். கல்யாண மேக்கப்பைப் பார்த்துத்தான் நிறையப் பேர் தினசரி மேக்கப்பையும் கற்றுக்கொள்கிறார்கள். அங்கேதான் சிக்கல். கல்யாணப் பெண்ணின் முகம் வீடியோ லைட்டுக்கு முன்னால் நாலு மணி நேரம் நிற்க வேண்டிய முகம். உன் முகத்தை ஒரு முழத் தூரத்தில் நின்று, பகல் வெளிச்சத்தில், நாற்பது பிள்ளைகள் பார்க்கிறார்கள். இரண்டும் வேறு வேலை.

முதலில் நிறம் பார்க்கும் முறை. புறங்கையில் பார்க்கவே கூடாது. கை வெயில் பட்ட நிறம், முகம் வேறு நிறம். உனக்குச் சரியென்று தோன்றும் நிறம் ஒன்று, அதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, மூன்றையும் தாடை ஓரத்திலிருந்து கழுத்து வரை கோடாக இழு. கடை லைட்டில் முடிவு செய்யாதே. கோட்டோடு வீட்டுக்கு வந்து, கால் மணி நேரம் விட்டு, வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், நின்று கைக்கண்ணாடியில் பார். சில ஃபவுண்டேஷன் தோலில் பட்டுச் சிறிது நேரத்தில் ஒரு படி கறுக்கும். அதனால்தான் இந்தக் கால் மணி நேரம். மூன்றில் எந்தக் கோடு இருக்கிற இடமே தெரியவில்லையோ அதுதான் உன் நிறம்.

வளவு என்று வேண்டுமென்றேதான் சொன்னேன். நம் ஊர் வீடுகளில் பட்டாலைக் கூடத்தில் மாட்டியிருக்கும் பெல்ஜியம் கண்ணாடி பார்க்க எவ்வளவு அழகு! ஆனால் பாதிக் கண்ணாடிகளில் ரசம் போய்விட்டது, அந்த இடமும் இருட்டு. ஒரு பெரிய வீட்டில் நான் அந்தக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்துப் பெண்ணுக்குப் போட்டு முடித்து, வளவுக்கு அழைத்து வந்து பார்த்தேன். கன்னச் சிவப்பு இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன. எல்லாவற்றையும் துடைத்து மறுபடி ஆரம்பித்தேன். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முற்றத்து ஓரமாக, மேலிருந்து வெளிச்சம் விழுகிற இடத்தில்தான் ஸ்டூல் போடுவேன்.

இப்போதைக்கு ஃபவுண்டேஷனை எடுத்து வைத்துவிடு. ஒரு மாதம் அது இல்லாமல் பார்ப்போம். புதுப்பொருளை வாரத்துக்கு ஒன்றாகச் சேர். நாலையும் ஒரே நாளில் ஆரம்பித்துப் பரு வந்தால் எதனால் வந்தது என்று எப்படித் தெரியும்? முகத்தில் போடுவதற்கு முன்னால் காதுக்குப் பின்புறம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்.

கெமிஸ்ட்ரி_மேடம்
ஜூலை 5, காலை 6.30

ஒரே ஒரு கேள்வி. பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காருவாய்?

புதுடீச்சர்_தேவகோட்டை
ஜூலை 5, மாலை 6.15

வலது பக்கம் மேடம், ஜன்னல் ஓரம். கல்லூரி ஐந்து வருஷமும் இதே ரூட், இதே பக்கம்தான். திரும்பி வரும்போதும் பழக்கத்தில் அங்கேயே உட்காருவேன்.

கெமிஸ்ட்ரி_மேடம்
ஜூலை 5, இரவு 8.45

அப்படியானால் உன் வலது கன்னத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். தேவகோட்டையிலிருந்து காரைக்குடி வடக்கே. காலையில் வடக்கு நோக்கிப் போகும்போது கிழக்கு உனக்கு வலப்பக்கம். சாயங்காலம் தெற்கு நோக்கித் திரும்பும்போது மேற்கு உனக்கு வலப்பக்கம். போகும்போதும் வரும்போதும் வெயில் அதே கன்னத்தில் விழுந்திருக்கிறது, ஐந்து வருஷம். நாளையிலிருந்து இடப்பக்கம் உட்கார். செலவில்லாத வைத்தியம்.

ஜன்னல் கண்ணாடியை மூடிக்கொண்டால் போதும் என்றும் நினைக்காதே. தோலைச் சுட்டெரிக்கும் யு.வி.பி. கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். தோலைக் கறுக்க வைக்கும் யு.வி.ஏ. கதிர் நிறையவே உள்ளே வரும்.

ஆகவே உன் மேக்கப்பில் முதல் பொருள் சன்ஸ்க்ரீன். நான் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள், அதனால் எண்ணோடு சொல்கிறேன். அட்டையில் எஸ்.பி.எஃப். (SPF) என்று ஓர் எண் இருக்கும். அது 30 என்றால் யு.வி.பி. கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98 சதவீதத்தை. வித்தியாசம் அவ்வளவுதான். அந்த எண் யு.வி.ஏ.வைப் பற்றிச் சொல்வதில்லை. அதற்கு அட்டையில் பி.ஏ. (PA) என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் குறிகள் இருக்கும். மூன்றோ நான்கோ கூட்டல் உள்ளதாக வாங்கு.

எண்ணைவிட அளவுதான் முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் எவ்வளவு வருமோ அவ்வளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பட்டாணி அளவு தொட்டுத் தடவினால் அட்டையில் போட்ட எண் கிடைக்கவே கிடைக்காது. உன் மாதிரி நிறத்துக்கு வெள்ளைப் பூச்சு தெரியாமலிருக்க, நிறம் சேர்த்த சன்ஸ்க்ரீன் பார். அந்த நிறம் இரும்பு ஆக்சைடிலிருந்து வருவது. மங்கு விழும் முகத்துக்கு அது கூடுதல் நல்லது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும், இரும்பு ஆக்சைடு அதையும் ஓரளவு தடுக்கிறது.

கானாடுகாத்தான்_ஆச்சி
ஜூலை 6, பிற்பகல் 3.20

டீச்சர் பொண்ணுக்கு ஆசீர்வாதம். எனக்கு அறுபத்தாறு வயசு. என் காலத்தில் பாண்ட்ஸ் பவுடர், ஐடெக்ஸ் மை, சாந்துப் பொட்டு, இவ்வளவுதான். நீங்கள் பேசுகிற பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் பொட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

நாற்பது வயசுக்கு மேல் ஸ்டிக்கர் பொட்டுக்கு மாறினேன். வசதியாக இருந்தது. ராத்திரியும் எடுக்க மாட்டேன். நாலைந்து வருஷத்தில் பொட்டு வைக்கிற இடத்தில் அரிப்பு வந்தது. அப்புறம் அரிப்பு போய், மிளகளவு வெள்ளையாக ஒரு புள்ளி. வெண்குஷ்டம் என்று பயந்து அழுதேன். தோல் டாக்டர் பார்த்துவிட்டு, பொட்டின் பசைதான் காரணம், உடனே நிறுத்துங்கள் என்றார். நிறுத்தி வருஷக்கணக்கு ஆகிறது. புள்ளி பெரிதாகவில்லை, மறையவும் இல்லை.

எங்கள் அப்பத்தா ஜவ்வரிசியைக் கருகக் கருக வறுத்து, தண்ணீர் விட்டுக் கூழாகக் காய்ச்சி, கொட்டாங்கச்சியில் ஊற்றிக் காயவைப்பார்கள். மோதிர விரலை நனைத்துத் தேய்த்தால் கறுப்பாக மை ஏறும். நெற்றியில் வைத்தால் சாயங்காலம்வரை நிற்கும். வேலைக்குப் போகிற பிள்ளையிடம் இதைச் செய் என்று சொல்ல மாட்டேன். ஸ்டிக்கரே வை அம்மா, ஆனால் வீட்டுக்கு வந்ததும் எடுத்துவிடு, ஒரே இடத்தில் தினமும் வைக்காதே.

கெமிஸ்ட்ரி_மேடம்
ஜூலை 6, இரவு 7.55

ஆச்சி, எழுதியதற்கு மிகவும் நன்றி. மலிவான ஸ்டிக்கர்களின் பசையில் வரும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள் சிலருக்குத் தோலின் நிறமிச் செல்களையே அழித்துவிடும். அரிப்பு வந்த அன்றே நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம். குங்குமத்துக்கு மாறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உண்மையான குங்குமம் மஞ்சளோடு சுண்ணாம்பு போன்ற காரம் சேர்ந்து சிவப்பது. ரத்தச் சிவப்பாக, நெற்றியில் கறை பிடிக்கிற மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் சாயம்.

கண்டனூரான்
ஜூலை 7, காலை 11.05

குறை சொல்வதற்காக எழுதவில்லை, என் தங்கையும் வேலைக்குப் போகிறாள். சன்ஸ்க்ரீன் சரி, அது பாதுகாப்பு. மற்றதெல்லாம் எதற்கு? பாடம் நன்றாக நடத்தினால் பிள்ளைகளுக்கு டீச்சரைப் பிடிக்கும். முதல் சம்பளத்தை இதில் போடுவதைவிட ஒரு சீட்டுக் கட்டலாம் என்பது என் எண்ணம்.

புதுடீச்சர்_தேவகோட்டை
ஜூலை 7, இரவு 9.30

அண்ணா, நீங்கள் அக்கறையாகக் கேட்டதால் நானும் மனசிலிருப்பதைச் சொல்கிறேன். பாடம் நன்றாகத்தான் நடத்துகிறேன். முதல் சம்பளத்தில் அம்மாவிடம் கொடுத்தது போக மிச்சத்தில்தான் வாங்கினேன். சின்ன வயசிலிருந்து சொந்தக்காரர்கள் என் நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் போனதில்லை. அதனால் கண்ணாடி முன்னால் நிற்கவே எனக்குப் பிடிக்காது, தலை சீவியதும் நகர்ந்துவிடுவேன். இப்போது காலையில் எட்டு நிமிஷம் என் முகத்தை நானே பொறுமையாகப் பார்க்கிறேன். வெள்ளையாக வேண்டும் என்று நினைக்கவில்லை. என் நிறத்திலேயே, களைப்புத் தெரியாமல், திருத்தமாகப் பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டும். இது எனக்கு வேண்டியிருக்கிறது அண்ணா.

கண்டனூரான்
ஜூலை 7, இரவு 10.12

புரிகிறது அம்மா. நான் அப்படி யோசித்துப் பார்க்கவில்லை. நல்லபடியாகச் செய்.

சாக்கோட்டைக்காரி
ஜூலை 8, பிற்பகல் 1.40

நிறம் என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன். தயவுசெய்து இதை எல்லாரும் படியுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பியூட்டி பார்லரில் பெயர் ஒட்டாத சின்ன டப்பாவில் க்ரீம் கொடுத்தார்கள், ராத்திரி மட்டும் போடச் சொல்லி. இரண்டே வாரத்தில் முகம் பளபளவென்று ஆகிவிட்டது. எல்லாரும் கேட்டார்கள், நானும் இரண்டு பேருக்கு வாங்கிக் கொடுத்தேன். எட்டு மாதம் போட்டேன். ஒருமுறை ஊருக்குப் போனபோது எடுத்துப் போக மறந்து நாலு நாள் போடவில்லை. முகம் முழுக்கச் சிவந்து, எரிந்து, பொடிப்பொடியாகப் பரு. அடுப்புப் பக்கம் போக முடியவில்லை, முகம் தீயாக எரியும். கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் கோடாகத் தெரிந்தன. டாக்டர் பார்த்ததும் ஸ்டீராய்டு க்ரீம் என்று சொல்லிவிட்டார். தோலை மெலிய வைத்துவிடும், திடீரென்று நிறுத்தினால் இப்படித் திருப்பி அடிக்கும் என்றார். குணமாக ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு பேரிடமும் நேரில் போய்ச் சொல்லி நிறுத்த வைத்தேன்.

இப்படிப்பட்ட பல ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் அரசு சொல்லிவிட்டது. கடைக்காரர் கொடுத்தாலும் நாம் கேட்காமல் இருக்க வேண்டும். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல், மோமெட்டசோன், இந்தப் பெயர் எது இருந்தாலும் அழகுக்காகப் போடாதீர்கள். பெயரே இல்லாத டப்பா என்றால் வாசலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பள்ளத்தூர்_அக்கா
ஜூலை 8, இரவு 9.00

சாக்கோட்டைத் தங்கச்சி சொன்னதை நான் கல்யாணப் பெண்களிடம் தினமும் சொல்கிறேன். முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது "கலர் க்ரீம் ஏதாவது குடுங்கக்கா" என்று அம்மாக்களே கேட்கிறார்கள். கொடுக்க மாட்டேன்.

புதுடீச்சர்_தேவகோட்டை
ஜூலை 26, மாலை 5.50

மூன்று வாரம் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் வாரம் சன்ஸ்க்ரீன் மட்டும். இரண்டு விரல் அளவு முகத்தில் ஏறவே இல்லை, பிசுபிசுவென்று நின்றது. அப்புறம் ஒரு விரல் அளவைத் தடவி, தலை பின்னிவிட்டு வந்து இன்னொரு விரல் தடவினேன். சரியாகிவிட்டது. இடப்பக்கம் உட்காருகிறேன். கன்னத்தில் இன்னும் வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டாம் வாரம் நெற்றியில் வரிசையாகப் பரு. சன்ஸ்க்ரீன்தான் என்று நினைத்து நிறுத்தப் பார்த்தேன். அம்மாதான் கண்டுபிடித்தார்கள். காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னுகிறேன், பஸ் சூட்டில் அது நெற்றிக்கு இறங்குகிறது. இப்போது சனிக்கிழமை ராத்திரி எண்ணெய், ஞாயிறு காலை தலைக்குளியல். பரு அடங்கிக்கொண்டு வருகிறது.

மூன்றாம் வாரம் புருவப் பென்சிலும் மையும். மை மறுபடி கீழே இறங்குகிறது. கருவளையத்தை மறைக்கக் கன்சீலர் போட்டால் அந்த இடம் மட்டும் சாம்பலாகத் தெரிகிறது. இந்த இரண்டுக்கும் வழி சொல்லுங்கள் அக்கா.

பள்ளத்தூர்_அக்கா
ஜூலை 26, இரவு 10.20

எண்ணெயை அம்மா பிடித்தார்களே, சபாஷ்.

கருவளையம் நம் நிறத்தில் நீலம் கலந்த கறுப்பு. அதன்மேல் வெளிறிய கன்சீலரை வைத்தால் சாம்பல்தான் வரும். முதலில் ஆரஞ்சு நிறக் கரெக்டர் வேண்டும். நீலத்தை ஆரஞ்சு அமுக்கும். அரிசி அளவு போதும். கண்ணின் உள்மூலையில், மூக்கை ஒட்டிக் குழி விழுகிற இடம் இருக்கிறதே, அங்கே வை. மோதிர விரலால் தட்டித் தட்டிப் பரப்பு, இழுக்காதே. ஆரஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் தோலோடு கலந்ததும் உன் நிறத்துக் கன்சீலரை அதே இடத்தில் மட்டும் மெல்லிசாகத் தட்டு. கண்ணுக்குக் கீழே முழுக்க முக்கோணமாகப் பூசுவது ஃபோட்டோவுக்கு. வகுப்பறையில் அது கோடு கோடாகப் பிளந்துவிடும். பரு வடுக்களுக்கு ஆரஞ்சு வேண்டாம், கன்சீலரை ஈர்க்குச்சி நுனியளவு வடுவின்மேல் மட்டும் வைத்து ஓரத்தைத் தட்டினால் போதும். ஃபவுண்டேஷனை நான் எடுத்து வைக்கச் சொன்னது இதற்குத்தான். மறைக்க வேண்டியது நாலு இடம், அதற்கு முகம் முழுக்க எதற்குப் பூச வேண்டும்?

மைக்கு: கீழ் இமைக்குள்ளே போடுவதை விடு. மேல் இமை ரோமத்தை ஒட்டி மெல்லிய கோடாகப் போடு, கண் திறந்த மாதிரி இருக்கும். கீழே போட்டே ஆக வேண்டுமென்றால் முதலில் கண்ணுக்குக் கீழிருக்கும் எண்ணெயை டிஷ்யூவால் ஒற்றி, துளி பவுடரை அழுத்திவிட்டுப் போடு. மை இறங்கக் காரணம் அந்த எண்ணெய்தான். சுர்மா என்று விற்பதை மட்டும் தொடாதே, அதில் ஈயம் இருப்பது பல இடங்களில் தெரிந்த விஷயம்.

பவுடரும் தேய்க்காதே, பஃப்பால் அழுத்து. மூக்கின் இரு ஓரம், நெற்றி நடு, தாடை. கன்னத்தை விட்டுவிடு. மத்தியானம் எண்ணெய் வழிந்தால் அதன்மேலேயே பவுடர் அடிக்காமல் டிஷ்யூவால் ஒற்று, அதற்கு அப்புறம் பவுடர். அந்த நேரத்தில் சன்ஸ்க்ரீனும் ஒருமுறை போட முடிந்தால் ரொம்ப நல்லது, சாயங்கால வெயில் காத்திருக்கிறது.

புதுடீச்சர்_தேவகோட்டை
ஆகஸ்ட் 30, இரவு 8.40

அக்கா, மேடம், ஆச்சி, எல்லாருக்கும் வணக்கம். இப்போது என் காலை இப்படிப் போகிறது. முகம் கழுவி மாய்ச்சரைசர், சன்ஸ்க்ரீன் இரண்டு தடவையாக, நடுவில் தலை பின்னுவது. கரெக்டர், கன்சீலர் ஒரு நிமிஷம். புருவத்தில் ரோமம் இல்லாத இடத்தில் மட்டும் நாலு கீற்று. மேல் இமையில் மை. பவுடர். உதட்டில் லிப்ஸ்டிக்கை நேராகப் போடாமல் விரலால் தொட்டு அழுத்துகிறேன். சின்னப் பொட்டு. நேற்று அம்மா கடிகாரம் பார்த்தார்கள், ஏழு நிமிஷம். கடைசியில் வளவுக்கு வந்து கைக்கண்ணாடியில் ஒரு பார்வை.

சாயங்காலம் வந்ததும் பஞ்சில் மேக்கப்பைத் துடைத்தெடுக்கும் மைசெல்லார் வாட்டர், அப்புறம் ஃபேஸ்வாஷ். முதலில் தேங்காய் எண்ணெயால் துடைத்தேன், எனக்குப் பரு வந்தது, விட்டுவிட்டேன். வலது கன்னம் கொஞ்சம் தெளிந்த மாதிரி அம்மா சொல்கிறார்கள். இன்னும் கறுப்புத்தான், ஆனால் பூசி மறைக்கவில்லை.

இரண்டு கேள்வி. மை பென்சில், மஸ்காரா எல்லாம் எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்? அப்புறம், செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்துக்குக் கண்டாங்கி கட்டலாம் என்றிருக்கிறேன். அப்பத்தா புடவை, கடுகு மஞ்சள். உதட்டுக்கு என்ன நிறம் போடலாம்? என்னிடம் இருக்கும் ரோஸ் அதற்கு வெளிறித் தெரிகிறது.

கெமிஸ்ட்ரி_மேடம்
ஆகஸ்ட் 30, இரவு 9.15

டப்பாவின் அடியில் மூடி திறந்த டப்பா போலச் சின்னப் படமும் அதில் 6, 12 என்று ஓர் எண்ணும் இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம். மஸ்காரா, திரவ ஐலைனர் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம், கண்ணில் படுவது. கண் சிவந்து வலி வந்தால் அப்போது பயன்படுத்தியதை அன்றே தூக்கிப் போடு. எதையும் ஸ்கூட்டி டிக்கியில் வைக்காதே, நம் ஊர் வெயிலில் லிப்ஸ்டிக் குழம்பாகிவிடும்.

பள்ளத்தூர்_அக்கா
ஆகஸ்ட் 30, இரவு 9.50

கண்டாங்கியா! கரை என்ன நிறம்? கரையின் நிறத்தை உதட்டுக்கு எடு. நம் நிறத்துக்கு வெளிர் ரோஸ் என்றைக்கும் சாம்பல் அடிக்கும். அரக்கு, செங்கல், நாவல்பழ நிறம் இதெல்லாம் உதட்டில் உட்காரும். அன்றைக்கு வேறெதையும் கூட்டாதே, தினமும் போடுவதையே போடு. மஞ்சள் புடவையின் வெளிச்சம் முகத்தில் அடிக்கும், அதுவே போதும்.

புதுடீச்சர்_தேவகோட்டை
ஆகஸ்ட் 31, மாலை 6.30

அரக்குக் கரைதான் அக்கா. இன்று பள்ளி விட்டதும் போய், தாடையில் கோடு இழுத்த மாதிரியே உதட்டோரம் தொட்டு, கடைக்கு வெளியே வந்து வெளிச்சத்தில் பார்த்து வாங்கினேன். இப்போது கடைப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் எது வேண்டுமென்று.